முகூர்த்தச் சடை

...திரும்பித் திரும்பிப் பாத்தா எப்படித் தைக்கது சொர்ணம்? நாடி நெஞ்சுல பட குனிஞ்சு இரு. ஆங், அப்படித்தான். வாழைப்பட்டையில பூவத் தச்சாச்சு. இனி அதை உன் பின்னலோட வச்சு நூலப் போட்டு இறுக்கணும், அதுலதான் நேரமாவும். பிச்சி, கேந்தி, நடுவுல மரிக்கொழுந்து, எல்லாம் தோவாளையில இருந்து காலைல மொத பஸ்ல வந்தது. ஈரம் இன்னும் காயல பாரு. கழுத்துல சில்லுன்னு பட்டா அந்த ஈரந்தான், பயப்படாத.

கதவா? நான்தான் தாப்பாப் போட்டேன். பெறவு என்ன, உங்க பெரியம்மை ஒருதரம், சித்தி ஒருதரம், தெருவுல போறவ ஒருதரம்னு எட்டி எட்டிப் பாத்து, பூவ ஏத்தி வையி, எறக்கி வையின்னுட்டு. சடை ஒண்ணு, நாட்டாமை ஒம்பது. முடிச்சுட்டுத் திறக்கேன், எல்லாரும் வாயப் பொளந்து பாக்கட்டும்.

அது எம் பிள்ளதான். கட்டில் காலுல சேலையால கட்டிப் போட்டிருக்கேன், இல்லேன்னா பூவத் தின்னுருவா. போன வாரம் ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளை மாலையிலயே கால்வாசியத் தின்னுட்டா. பேரு சாலோமி. ஆமா, கிறிஸ்துவ வேதக்காரப் பேருதான். நான் வேதத்துல சேரல. அது ஒரு பிள்ள நெனவா வச்சது, சொல்லுதேன்.

இழுக்குதா? உன் முடியும் என்ன முடியா, முழங்காலைத் தொடுது. சீயக்காயும் செம்பருத்தியுமா தேச்சு வளத்த முடின்னு உங்க அம்மை என்னை வாசல்ல வச்சே சொன்னாவ. பொண்ணு படிச்சிருக்கான்னு சொல்லல, சமைப்பான்னு சொல்லல, முடியத்தான் சொன்னாவ. பின்னல்ல மூணு காலும் மூணு கயிறு மாதிரி இருக்கு. பல்லக் கடிச்சுக்க, சித்த நேரந்தான்.

மாப்பிள்ளை பம்பாயாமே. தாராவியில சொந்த வீடு, தோல் கம்பெனியில வேலை, நகை வேண்டாம், சீரு வேண்டாம், பொண்ணை மட்டும் குடுங்கன்னாவளாமே. வீடியோவும் வேண்டாம்னுட்டாவ, திருஷ்டின்னு. மறுவீடு பெறவு பாத்துக்கலாம், சாயந்திரமே ரயிலுன்னு. எனக்கு யாரு சொன்னாவளா? பூக்காரிக்குத் தெரியாத கல்யாணம் எந்த ஊருல உண்டும்?

எனக்கும் பம்பாய் மாப்பிள்ளைதான், கேட்டியா. சிரிக்காத, சிரிச்சா தலை ஆடும்.

எங்க ஊரு வள்ளியூருக்குக் கெழக்க. எங்க ஐயா கெணறு வெட்டுத ஆளு. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்தோம். அங்கன வச்சுத்தான் அக்காளும் தம்பியுமா வந்து பேச்சுக் குடுத்தாவ. பம்பாய்க்குப் பொழைக்கப் போன குடும்பம், சாஸ்தாவத் தேடி வந்திருக்கோம், அப்படியே தம்பிக்கு நம்ம பக்கத்துப் பொண்ணாப் பாக்கோம்னாவ. எங்க ஆளுவ விசாரிக்காம இல்ல. எந்தச் சாஸ்தா, பாட்டன் யாரு, பூட்டன் யாரு, எந்தத் தெரு, எல்லாம் கேட்டாவ. அவன் பதில் சொல்லுததைக் கேட்டா கோயில் பூசாரியே தோத்துருவாரு, அப்படி மனப்பாடம். ஆனா கூட வந்த அக்கா யாருன்னு ஒருத்தரும் கேக்கல. அக்கான்னா அக்கா. அவளப் போயி யாரு கேப்பா.

கல்யாணத்து அன்னைக்கு விடியங்காட்டி எங்க பங்காளி வகையில ஒரு பெரியவரு செத்துப் போனாரு. தீட்டாயிட்டு. எங்க ஐயா தலையில கைய வச்சுக்கிட்டுப் பந்தல்லயே உக்காந்துட்டாரு. அப்ப அந்த அக்காதான் வந்து, இதெல்லாம் இந்தக் காலத்துல பாக்கலாமா மாமா, நாங்க பம்பாய்க்காரங்க, தாலியக் கட்டிருவோம்னா. எங்க அம்மை அவ காலுல விழுந்தா. என்ன மனசு, என்ன பெருந்தன்மைன்னு ஊரே பேசிச்சு. தீட்டோட பொண்ணக் கொண்டு போறவளுக்கு அப்படி என்ன அவசரம்னு ஒருத்தருக்கும் தோணல. எனக்கும்தான். நானும் சாமியக் கும்பிட்டுட்டு மணவடையில உக்காந்தேன்.

மொத முடிச்சு அவன் போட்டான். மத்த ரெண்டும் நாத்தனாதானே போடணும், அவ போட்டா. நான் இப்ப நீ இருக்கியே, அப்படித்தான் குனிஞ்சு இருந்தேன். கல்யாணப் பொண்ணு யாரு மூஞ்சியப் பாக்கா. எனக்குத் தெரிஞ்சது அவ கை மட்டுந்தான். புறங்கையில தேளு பச்சை குத்தியிருந்தா. தேளுக்கு வாலு கெடையாது. அந்த எடம் தீயில வெந்து, தோலு சுருங்கிப் போயிருந்தது.

ஏன் தாயி திடுக்குன்னு நிமிருத? குனி. குனிஞ்சுக்க. பாத்திருப்ப, நேத்து உனக்கு நலுங்கு வச்சதே அந்தக் கைதானே. நானும் பாத்தேன். கத்தாத. இப்பக் கத்துனா உங்க ஆளுவ என்னைத் தூக்கி வெளிய போட்டுட்டு உன்னை மணவடைக்குக் கொண்டு போயிருவாவ. நான் சொல்லி முடிக்கேன், பெறவு நீ கத்து. நானே கத்தச் சொல்லுதேன்.

எனக்குத் தாலி கட்டுனவனா? அவன் ரயில்ல நல்லாத்தான் இருந்தான். வாழைப்பழம் உரிச்சுக் குடுத்தான். ஏதோ ஒரு டேசன்ல தண்ணி புடிச்சுட்டு வாரேன்னு எறங்குனான், அவ்வளவுதான், அவன் சோலி முடிஞ்சுபோச்சு. நான் அழுதேன். அடுத்த பெட்டியில ஏறியிருப்பான் பேசாம இருன்னா அக்கா. பம்பாய் வரவே இல்ல. என்னை எறக்குன எடம் குஜராத்துப் பக்கம் ஒரு கடக்கரை. ஒரு ஜீப்புல ஏத்திவிட்டுட்டு அவ திரும்பிக்கூடப் பாக்கல.

தகரக் கொட்டகை. உள்ள எறாலு மலை மாதிரி, ஐஸு மலை மாதிரி. எங்கள மாதிரிப் பிள்ளைங்க வரிசையா குந்தியிருக்கும். தலையக் கிள்ளு, தோல உரி, நரம்ப எடு. ஐஸுக்குள்ள கைய விட்டு விட்டு நகம் தானா கழண்டு வந்துரும். அப்ப வலிக்காது, விறைச்சுப் போயிருக்கும்லா. வெளிய எடுத்துச் சூடு பட்டாத்தான் உயிரு போவும். அதனால நாங்க கைய வெளிய எடுக்கதே இல்ல. சோறுகூட ஐஸுக் கையோடதான். இரும்புக் கதவு, வெளிய பூட்டு. பேசுனா அடி, பேசாட்டி அடி, இருமுனா எறாலு மேல எச்சி படுதுன்னு அடி. ரப்பர் குழாயால அடிப்பான். மேஸ்திரின்னு கூப்பிடணும் அவன. நம்ம தமிழ்க்காரந்தான், அதச் சொல்லத்தான் கூசுது.

வேலை முடிஞ்ச பெறவு என்ன நடக்கும்னு நீ கேக்காத, நான் சொல்லல. எம் பிள்ள இவளப் பாத்துத் தெரிஞ்சுக்க. இவ அப்பன் பேரு எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்துல கேட்டாவன்னா அன்னத்தாய்னு என் பேரைப் போடச் சொல்லுவேன். வாத்தியாரு வேண்டாம்பாரு, நான் போடும்பேன், அவருதான் கடைசியில போடுவாரு. அது கெடக்கட்டும். அழுவாத, மை கலைஞ்சிரும்.

எம் பிள்ளைக்குப் பேரு குடுத்த சாலோமி உவரிப் பக்கத்துப் பிள்ள. கடலுக்குள்ள பொறந்தவ மாதிரி இருப்பா. அவளுக்கும் மாப்பிள்ளைதான், கோயில்ல வச்சு மோதிரம் மாத்திக் கூட்டிட்டு வந்திருக்கான். அங்க அவ பக்கத்துலதான் எனக்கு எடம். ஒரு நாளு மேஸ்திரி ஒரு சின்னப் பிள்ளையக் குழாயால அடிச்சுட்டிருந்தான். மூக்கு, காதுன்னு ரத்தம் வருது, நிப்பாட்ட மாட்டேங்கான். ஐஸ் உடைக்க ஒரு கம்பி சுவத்துல சாத்தியிருக்கும். சாலோமி எந்திரிச்சா, கம்பிய எடுத்தா, அவன் வாயிலயே போட்டா. பல்லு தெறிச்சு எறாலுக் குவியல்ல விழுந்துச்சு. பெறவு அந்தப் பல்லை நாங்கதான் தேடிப் பொறுக்குனோம், சரக்கு கெட்டுருமாம். எனக்கு அங்கன சிரிப்பு வந்தது அந்த ஒருதரந்தான்.

நீ கேக்கணும்னுதான் சொல்லுதேன். கேட்டுக்க.

அவனுவ நாலஞ்சு பேரு வந்தானுவ. அவ முடியத்தான் புடிச்சானுவ. உன்னை மாதிரிதான், நல்ல முடி. கையில ரெண்டு சுத்து சுத்தி, கொட்டகை நீளத்துக்கும் தரதரன்னு இழுத்தானுவ. தலைத் தோலு ஒரு பக்கம் கையோட வந்துட்டு. எங்கள வரிசையா நிக்க வச்சுப் பாக்கச் சொன்னான். கண்ண மூடுனவளுக்கும் அடி. மேஸ்திரி ரத்த வாயோட வந்து, அவ கையத் தரையில விரிச்சு வச்சு, விரலு விரலா பூட்ஸ் காலால மிதிச்சான். இனிமே கம்பி தூக்குவியா, தூக்குவியான்னு கேட்டுக் கேட்டு மிதிச்சான். வேற கை முளைக்கும்லேன்னா அவ. அவ்வளவுதான் சொன்னா. அதுக்கு மேல அவளப் பேச விடல. கம்பி அவன் கையில இருந்தது.

செத்தவள எறாலுப் பெட்டியில ஐஸப் போட்டு வச்சானுவ, படகுக்காரன் வாரது வரைக்கும். நாங்க அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல குந்திக்கிட்டுத் தோல உரிச்சோம். எவ கையும் நிக்கல பாத்துக்க. நின்னா நாமளும் பெட்டிக்குள்ளதான்.

இந்தா, கொஞ்சம் அசையாத. இந்த எடத்துலதான் நூலு சிக்குது. வெடுக்குன்னு ஒரு இழுப்பு இழுக்கும், அவ்வளவுதான்.

அன்னைக்கு எறாலுக் கத்தியால என் முடிய ஒட்ட அறுத்தேன். புடிக்க ஒண்ணும் இருக்கக் கூடாது பாரு. பெறவு சரக்கு ஏத்த ஒரு லாரி வந்தது, நாமக்கல்லுக்காரரு. பெட்டி தூக்கிக் குடுக்கப் போனப்ப அண்ணாச்சின்னு ஒரு வார்த்தை சொன்னேன். திரும்பி என் தலையப் பாத்தாரு, கையப் பாத்தாரு. தார்ப்பாய ஒரு பக்கமா அவுத்துவிட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. அவரு செஞ்சது அவ்வளவுதான். ஏறுனது நான். அவரு பேரு என்னன்னு கேக்கக்கூட இல்ல, எறக்கிவிடுத எடத்துல ஒரு இட்லிப் பொட்டலத்தக் கையில திணிச்சுட்டுப் போயிட்டாரு.

வீட்டுக்குப் போனேன். எங்க அம்மை வாசல்லயே நிப்பாட்டுனா. எங்கட்டி போனேன்னு கேக்கல. மேலு ஏன் இப்படிப் புண்ணா இருக்குன்னு கேக்கல. முடி எங்கட்டின்னு கேட்டா. மொட்டத் தலையோட வாசப்படி மிதிக்காத, வயசுப் பிள்ளைக இருக்குத வீடுன்னா. என் தங்கச்சியச் சொல்லுதா. உள்ள இருந்து ஐயா இருமுத சத்தம் மட்டும் கேட்டுது. நம்ம ஆளுவ கண்ணுக்கு முடிதான் மொதல்ல தெரியும் தாயி. ஆளு பெறவுதான்.

அங்கன இருந்து ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுல வந்து உக்காந்தேன். மேலப்பாளையத்து உம்மா ஒருத்தி, ஆசியா உம்மாள்னு பேரு, பீடிக்கட்டு ஒப்படைச்சுட்டு வாராவ. என்னைக் கண்டதும் முந்தானைய எடுத்து எந் தலையில முக்காடாப் போட்டு, எந்திரிம்மான்னாவ. அங்கதான் இருக்கேன் இப்பவும். முடியும் வளந்தது, வகுறும் வளந்தது. உம்மா வீட்டுலதான் இவளப் பெத்தேன். பீடி சுத்துவேன், முகூர்த்த நாள்ல சடை தைப்பேன். பீடிக்கு இலை வெட்டுத எடத்துல எல்லா ஊருக் கதையும் வந்துரும்லா. பம்பாய் மாப்பிள்ளை, வீடியோ வேண்டாம், அன்னைக்கே ரயிலுன்னு எங்க கேட்டாலும் அன்னத்தாயிக்கு ஆளு அனுப்புங்கன்னு உம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காவ. அப்படித்தான் உன் கல்யாணமும் என் காதுக்கு வந்தது.

போலீசுக்குப் போவலையான்னு கேக்கியா? உம்மாவும் நானும் போனோமே. நீயா போனியா, அவனாக் கூட்டிட்டுப் போனானான்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு ஒருத்தரு. எங் கல்யாண போட்டாவக் காட்டுனேன். ஊரு மூஞ்சி அம்புட்டும் இருக்கு. அந்த அக்கா மட்டும் எல்லாத்துலயும் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கா.

உங்க அம்மைகிட்டச் சொல்லியிருக்கலாம்தான். சொல்லிப் பாத்தவதான் நானு. போன வருசம் சேரன்மாதேவிப் பக்கம் ஒரு கல்யாணம், சித்ரலேகான்னு பொண்ணு, உன்னை விடச் சின்னப் பிள்ள. மாப்பிள்ளை வேற ஆளு. மாப்பிள்ளை எப்பவும் வேற ஆளுதான், அக்காதான் ஒரே அக்கா. எனக்கு ராஜலக்ஷ்மின்னு வந்தா, இங்க ஞானம்பாளாமே. நான் பந்தல் நடுவுல போயி நின்னு அவ கையப் புடிச்சுத் தூக்கிக் காட்டி எல்லாத்தயும் சொன்னேன். என்னாச்சு? கல்யாண வீட்டுல எளவு சொல்ல வந்த மூதின்னு பந்தக்கால்ல வச்சுக் கட்டி அடிச்சாவ. பொண்ணோட தாய்மாமன் உலக்கைய எடுத்து முட்டியில போட்டாரு. நல்ல கை, எலும்பு ரெண்டாப் போச்சு. காலைல நீ கேட்டியே ஏங்க்கா சாஞ்சு நடக்கன்னு, அதான். அந்தக் கட்டுல நின்னுக்கிட்டே தாலி கட்டுததப் பாத்தேன். கெட்டிமேளத்துல நான் கத்துனது ஒருத்தருக்கும் கேக்கல. அந்த அக்கா முடிச்சப் போட்டுட்டு, பந்தியில உக்காந்து, பாயசம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடிச்சா.

சித்ரலேகா போனவ போனவதான். இப்ப அவ அம்மை மேலப்பாளையத்துக்கு வந்து எம் முன்னால உக்காந்து அழுவுதா. நான் உன்னை நம்பலையேன்னு நெஞ்சுல அடிச்சுக்கிடுதா. நான் தண்ணி குடுப்பேன்.

என்னை அந்த அக்காளுக்கு அடையாளம் தெரியாதா? நானும் அப்படித்தான் நெனச்சேன், முக்காட்ட நல்லா இழுத்து விட்டுட்டுத்தான் நேத்து வந்தேன். நேருக்கு நேரா எதுக்க நின்னா. எம் பிள்ள கன்னத்தக் கிள்ளிக் கொஞ்சிட்டுப் போனா தாயி. எத்தனை பேர வித்தவ, போன வருசம் பந்தல்ல கையப் புடிச்சவ மூஞ்சியக்கூட எங்க நெனவு வைக்கா. இவ கன்னத்த நான் தேச்சுக் கழுவுனேன், தோலு செவந்து போச்சு பாவம்.

இரு, யாரோ கதவத் தட்டுதாவ. மூச்சு விடாத.

யாரு... மதினியா? ஆச்சு மதினி, இந்தா கடைசிக் கட்டுதான். நேரத்துக்கு அனுப்பிருவேன். பொண்ணு நல்லாத்தான் இருக்கா, வெக்கத்துல வாயத் திறக்க மாட்டேங்கா. நீங்க போயி மாப்பிள்ளையக் கெளப்புங்க.

போறா. குரலு தெரிஞ்சுதுல்லா. அவதான்.

இப்பச் சொல்லுதேன் சொர்ணம். வாயால சொன்னா இந்தக் கல்யாணம் நிக்காது. தீட்டுக்கே நிக்கல எனக்கு. உங்க அப்பாவும் நாலு ஊருக்குச் சொல்லி, ஆக்கிப் போட்டாச்சு, பூக்காரி பேச்சக் கேட்டு நிப்பாட்டுவாரா? என்னைத்தான் இன்னொரு முட்டிய ஒடைப்பாவ. ஒடைக்கட்டும், அதுக்காவது நீ ரயில் ஏறாம நிக்கணுமே. அதான் வேற வழி பாத்தேன். கழுத்துல சில்லுன்னு பட்டுதே, அது பூவு ஈரம் இல்ல. பிளேடு. பேசப் பேச ஒவ்வொரு காலா அறுத்துட்டு வந்தேன். மதினிகிட்டப் பேசுனப்ப கடைசிக் காலும் அறுந்துட்டு.

பின்னந்தலைய மெதுவாத் தொட்டுப் பாரு. உன் சடை இந்தா எம் மடியில கெடக்கு, பூவோட.

உன்னைக் கேக்காமச் செஞ்சதுக்கு நீ என்னை அடிக்கணும்னா அடி, வாங்கிக்கிடுதேன். நான் சொன்னது பொய்யாப் போச்சுன்னா என்ன போச்சு, முடி முளைக்கும். மொட்டைப் பொண்ணக் கண்டா நெசமான மாப்பிள்ளை வீடு என்ன செய்யும்? பந்தல்ல ஒரு நிமிசம் நிக்காது, சண்ட போட்டுட்டு வேனுல ஏறிரும். அவ மட்டும் பாரு, முக்காடப் போட்டு மூடித் தாலியக் கட்டிருவோம், நாங்க பம்பாய்க்காரங்கன்னு வந்து நிப்பா. அவளுக்கு உன் முடியா வேணும்? அப்ப உங்க அம்மையே, அப்படி என்ன அவசரம்னு கேப்பாவ. அவ்வளவு நேரம் கெடைச்சாப் போதும். பந்தல்ல பின்வரிசையில உம்மாவும் பீடிக்காரப் பொம்பளைகளும் உக்காந்திருக்காவ, சித்ரலேகா அம்மையும் இருக்கா. மாப்பிள்ளை வீட்டு வேனு சக்கரத்துல காத்தப் புடுங்கியாச்சு. அவள அடிச்சுக் கொன்னுராதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். சித்ரலேகாவ எங்க வித்தான்னு அவ வாயில இருந்து வரணும்லா. சித்ரலேகா அம்மை கேப்பாளோ என்னமோ, வரும்போதே மடியில அம்மிக்குழவியக் கட்டிக் கொண்டு வந்திருக்கா.

சரி, எந்திரி. இப்பக் கத்து தாயி, நல்லா, தெருவே கேக்கக் கத்து. அதுக்கு முன்னால பிள்ளையக் கொஞ்சம் வாங்கிக்க, கட்ட அவுத்துட்டேன். இடுப்புல வச்சுக்கிட்டுச் சுவத்தோரமா ஒதுங்கி நில்லு. தாப்பாளத் திறந்ததும் மொத அடி எனக்குத்தான் வரும், பிள்ள மேல பட்டுரக் கூடாது.